மாணவர்களைச் சேர்க்கும் முன் திறந்த மூல மென்பொருள் திட்டத்தை எப்படித் தயார் செய்வது?

டிக்கோயா தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மா இங்கே மலையகத் தேயிலைத் தோட்டத்தில் 31 வருஷம் கொழுந்து பறித்தவர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது, எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சம்பளத் துண்டைப் பார்த்த யாருக்கும் கணக்குப் பிடிபடவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டியது ஒன்று, துண்டில் விழுந்தது வேறொன்று. அம்மா மட்டும் சுவர்க் கலண்டரில் பென்சிலால் அன்றன்று கிலோவைக் குறித்து வைத்திருந்தார். அந்தக் கலண்டரைத்தான் நான் அண்ட்ராய்டு செயலியாக ஆக்கினேன். ஒவ்வொரு நிறுவையையும் போட்டால் அன்றைக்கு முழுப்பேரா (முழு நாள் சம்பளமா) அரைப்பேரா (பாதி நாள் சம்பளமா) என்று காட்டும். மாதக் கடைசியில் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் கழித்துக் கைக்கு எவ்வளவு வரவேண்டும் என்றும் சொல்லும்.

நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இதுவரை நான் ஒருவன்தான் இதை எழுதுகிறேன். இப்போது 4 கம்பஸ் மாணவர்கள் சேர்ந்து வேலை செய்கிறோம் என்று கேட்கிறார்கள். கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு (புதியவர்களை வழிகாட்டியோடு திறந்த மூலத் திட்டங்களில் சேர்க்கும் கூகுளின் திட்டம்) விண்ணப்பிக்கலாமே என்கிறார் அதில் ஒருவர். எனக்கு இரவு 8 மணிக்குப் பிறகுதான் நேரம். யாருக்கும் சொல்லிக்கொடுத்துப் பழக்கமும் இல்லை.

போன வருஷம் ஒரு தங்கச்சி ஆசையாக வந்தாள். இரண்டு கிழமை முயன்றும் செயலியைத் தன் லேப்டாப்பில் ஓடவைக்க முடியவில்லை. "எனக்குச் சரிவராது அண்ணா" என்று போய்விட்டாள். அது இன்னும் மனதில் கிடக்கிறது. இந்த முறை யாரையும் அப்படி அனுப்பக்கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

பண்டாரவளை அக்கா:

தம்பி, அந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்றுபோனாள் என்று கேட்டீர்களா? முதல் வேலை அதுதான். உங்கள் கணினியில் எல்லாம் ஓடும், ஏனென்றால் பல வருஷமாக அதை ஓடவைத்தது நீங்கள். எங்கள் அகராதித் திட்டத்துக்கு மாணவர்களை எடுக்கும் முன், ஒன்றும் நிறுவாத ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கி, ஏ.எல். முடித்த ஒரு பையனை உட்காரவைத்து, ரீட்மீயை (நிறுவும் வழி எழுதிய கோப்பை) மட்டும் கையில் கொடுத்தேன். நான் பக்கத்தில் கொப்பியோடு வாய் திறக்காமல் இருந்தேன். அவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்த இடமெல்லாம் குறித்தேன். 11 இடம்! அந்த 11ஐயும் ரீட்மீயில் எழுதிய பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டோம்.

டேட்டாவையும் யோசியுங்கள். செயலி எழுதும் மென்பொருளான அண்ட்ராய்டு ஸ்டூடியோ மட்டுமே 1 ஜிபிக்கு மேல். அதற்குப் பிறகு செயலியைக் கட்டும் கருவியான கிரேடில் தன் பங்குக்கு இழுக்கும். தோட்டத்து வீட்டில் மழை நாளில் சிக்னலே வராமல் இருக்கும் பிள்ளைக்கு அதுவே ஒரு கிழமை. எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள், கிரேடில் கேஷ் கோப்புறையோடு சேர்த்து. அப்புறம் ஆஃப்லைன் முறையில் ஓடவைக்கலாம்.

சம்மர் ஆஃப் கோடு இந்த வருஷம் வேண்டாம் என்பேன். 2005இலிருந்து நடக்கிறது, நல்ல திட்டம்தான். 2022இலிருந்து மாணவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, 18 வயது முடிந்த புதியவர்களும் சேரலாம். ஆனால் விண்ணப்பிக்கும்போதே யோசனைப் பட்டியல் தயாராக இருக்கவேண்டும். அதில் ஒவ்வொரு வேலையும் 90, 175, 350 மணி நேரம் என்ற அளவில் அடங்கவேண்டும். 350 மணி நேரம் உழைக்கும் ஒருவருக்கு நீங்கள் ஒரே ஆள், அதுவும் இரவு 8க்கு மேல் என்றால் அது அவருக்கு அநியாயம். 4 பேரையும் ஒன்றாக எடுக்காதீர்கள். 2 பேர், 6 கிழமை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் பதில் சொல்ல இன்னொரு ஆளையும் இப்போதே பிடியுங்கள்.

இன்னொன்று. முழுப்பேர், அரைப்பேர், கைக்காசு, செக்ரோல், இதெல்லாம் நமக்குத் தாய்ப்பால் மாதிரி. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் பிள்ளைக்கு அரைப்பேர் என்றால் பெயரைப் பாதி எழுதுவது என்றுதான் தோன்றும். தோட்டத்துக்குத் தோட்டம் கிலோ அளவு மாறும் என்பதும் தெரியாது. ஒரு பக்கத்தில் சொல்விளக்கம் எழுதுங்கள். அம்மாவிடம் கேட்டே எழுதுங்கள்.

பதுளை வாசகன்:

கிட்ஹப்பில் உங்கள் நிரல் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தேன், சகோதரா. அவசரமாக ஒரு விஷயம்: மாதிரித் தரவுக் கோப்புறையில் 9 சம்பளத் துண்டுகளின் படம் இருக்கிறது. பெயர், ஈபிஎஃப் இலக்கம், கழிவு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. துண்டைக் கொடுத்தது யார் என்று தோட்டத்தில் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். கோப்பை அழித்தால் மட்டும் போகாது, பழைய கமிட்டுகளில் (சேமித்த மாற்றங்களின் வரலாற்றில்) அப்படியே இருக்கும். இன்றைக்கே களஞ்சியத்தைத் தனிப்பட்டதாக மாற்றுங்கள். பிறகு கிட் ஃபில்டர் ரெப்போ என்ற கருவியைக் கொண்டு வரலாற்றிலிருந்தே நீக்கிவிட்டு, கற்பனைப் பெயரில் துண்டுகள் செய்யுங்கள். முன்பே நகல் எடுத்தவர்களிடம் அது இருக்கத்தான் செய்யும், அதனால் அந்த 9 வீட்டாரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

உரிமக் கோப்பும் இல்லை. உரிமம் இல்லாத நிரல் கிட்ஹப்பில் திறந்து கிடந்தாலும் பதிப்புரிமை உங்களுடையதுதான், மாணவர்கள் எந்த நம்பிக்கையில் தொடுவார்கள்? எம்ஐடியோ ஜிபிஎல்லோ, யோசித்து ஒன்றைப் போடுங்கள்.

1000 என்ற எண் 6 கோப்புகளில் நேரடியாக எழுதியிருக்கிறது. சம்பளம் அதற்குப் பிறகு மாறிவிட்டதே. அதை நீங்களே திருத்திவிடாதீர்கள், தயவுசெய்து! ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வேலையை "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" (புதியவருக்கு ஏற்ற முதல் வேலை) என்று குறியிட்டு விடுங்கள். புதிதாக வருபவர் 6 கோப்பையும் திறந்து பார்த்தால் செயலி முழுவதும் அவருக்குப் புரிந்துவிடும்.

டிக்கோயா தம்பி:

இரவே களஞ்சியத்தை மூடிவிட்டேன். துண்டுகள் அங்கே இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. அதில் ஒன்று அம்மாவுடையது. சனிக்கிழமை 9 வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். இரண்டு வீட்டில் கோபித்துக்கொண்டார்கள், அது நியாயம்தான்.

அக்கா, அந்தத் தங்கச்சிக்கும் போன் எடுத்தேன். அவள் நின்றது லோக்கல் ப்ராப்பர்டீஸ் கோப்பில். என் கணினியின் டி டிரைவில் இருக்கும் எஸ்டிகே (அண்ட்ராய்டு கருவித்தொகுப்பு) பாதையோடு அதை நான் கமிட் செய்திருக்கிறேன். அவளிடம் டி டிரைவே இல்லை. இரண்டு கிழமையும் தன் லேப்டாப்தான் பழுது என்று நினைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். வெறும் லேப்டாப் ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது, கொப்பியும் வாங்கிவிட்டேன். அம்மா 2021 கலண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறார், அரைப்பேரைத் தானே விளக்குவாராம்.