புதுப்பிப்பு: யெல்லோஸ்டோனில் மகளின் பிறந்தநாள்

மகளின் ஏழாவது பிறந்தநாள் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காப் பயணத்தின் நடுவே வருகிறது, கேக்கை எப்படிக் கொண்டுபோவது என்று முன்பு கேட்டிருந்தேன். கப்கேக் போதும் என்றவர்களுக்கு நன்றி. க்ரீம் முழுவதும் டப்பா மூடியில் ஒட்டிக்கொண்டது. அவள் மூடியையே நக்கிவிட்டாள்.

ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீரூற்று சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பீறிடும். அந்த நொடியில் மெழுகுவத்தியை ஊதுவதாகத் திட்டம். காற்று முந்திக்கொண்டது! கரடிகள் உலவும் இடம் என்பதால் துணுக்குகூட விடாமல் காருக்குள் எடுத்து வைத்தோம்.

ஹேடன் பள்ளத்தாக்கில் பைசன் காட்டெருமைகள் சாலையை மறித்ததில் ஒரு மணி நேரம் போயிற்று. "எல்லாரும் என் விருந்தாளிகள்" என்றாள்.

பூங்காவின் சிறுவர் பயிற்சிப் புத்தகத்தை முடித்து, ரேஞ்சர் (பூங்காக் காவலர்) முன் உறுதிமொழி எடுத்து வாங்கிய ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜோடுதான் தூங்கினாள். நான் வாங்கிய பரிசு இன்னும் பிரிக்கப்படவில்லை.