நடக்கப் போன இடத்தில் எதிரே வந்தது எது? உங்கள் அனுபவங்கள்

கால்கரி, கனடாவிலிருந்து

கேட்டவன் நானே முதலில் எழுதிவிடுகிறேன். சொந்த ஊர் கடையம் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். அங்கே கரடி என்பது கதையில் மட்டும் வருகிற ஒன்று இல்லை. இருட்டோடு தோட்டத்துக்குப் போகிறவர்கள், போகும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டும் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டும் போவார்கள். கரடிக்குக் கண் மட்டம். நாம் வருவது தெரியாமல் திடீரென்று பக்கத்தில் பார்த்தால் மிரண்டு முகத்தில் அறைந்துவிடும். அப்படி முகம் கிழிந்த ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார்.

2019 ஜனவரியில் கால்கரிக்கு வந்தேன். முதல் இரண்டு வருடம் மலையைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. வேலை, பஸ், வீடு, அவ்வளவுதான். மைனஸ் 30 வந்தால் இரவில் காரின் எஞ்சினைச் சூடாக வைக்கும் வயரை மின்சாரத்தில் செருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் கிளம்பாது. இதெல்லாம் பழகவே ஒரு குளிர்காலம் போனது. நடுநடுவே சினூக் என்கிற வெதுவெதுப்பான காற்று மலையிலிருந்து இறங்கி, ஒரே நாளில் தெருப்பனியை எல்லாம் உருக்கிவிடும். அன்றைக்கு மேற்கே வானத்தில் மேகம் வில் மாதிரி வளைந்து நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த மலைக்குப் போகணும் என்று ஆசை வந்தது.

கூட வேலை செய்கிற ஒருவர்தான் முதன்முதலில் அழைத்துப் போனார். காரை விட்டு இறங்கியதும் கரடி ஸ்பிரேயை என் இடுப்பில் மாட்டிவிட்டார். உள்ளே இருப்பது மிளகாயின் காரம். பையில் போட்டு வைத்தால் பிரயோசனம் இல்லை, கை போன உடனே கிடைக்க வேண்டும் என்றார். அதன் வீச்சு சில மீட்டர்தான். எதிர்க்காற்றில் அடித்தால் நம் கண்ணிலேயே விழலாம். அப்புறம், நடக்கும்போது வளைவுகளிலும் ஓடைச் சத்தம் உள்ள இடங்களிலும் கை தட்டி "ஹே பேர்!" (ஏய் கரடி!) என்று கத்தச் சொன்னார். எனக்குத் தோட்டத்துப் பாதைதான் ஞாபகம் வந்தது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அதே பாடம்.

2023 கோடையில் அம்மா வந்திருந்தார். வந்த ஒரு மாதத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்து முகம் வாடிவிட்டது. எதிரே வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை, கோவில் போகவும் யாராவது காரில் கூட்டிப் போக வேண்டும். சரி, மலைக்காவது போவோம் என்று ஆகஸ்டில் ஒரு வார நாளில் கனனாஸ்கிஸ் என்கிற மலைப்பகுதிப் பக்கம் கிளம்பினோம். ஹைவுட் கணவாய், 2,206 மீட்டர் உயரம். கனடாவில் தார்ச்சாலை போகும் கணவாய்களில் இதுதான் உயரமானது. டிசம்பரிலிருந்து ஜூன் பாதி வரை அந்தச் சாலையையே பூட்டி வைத்திருப்பார்கள். அங்கிருந்து டார்மிகன் சர்க் என்று ஒரு சின்ன நடைபாதை மேலே ஏறுகிறது. அம்மா சேலைக்கு மேல் என் ஜாக்கெட், காலில் ஷூ. மூச்சு வாங்க வாங்க நின்று நின்று ஏறினார். நான் "ஹே பேர்" கத்தினேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, "ஏன் இப்படி அதட்டுற? அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நாம வாறோம்னு தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு, ஊரில் நாற்று நடும்போது பாடுகிற பாட்டு ஒன்றை எடுத்தார். அந்த மலைச்சுவரில் அந்தக் குரல் பட்டுத் திரும்பி வந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மரங்கள் முடிந்து புல்வெளி திறக்கிற இடம். பாட்டு நின்றது. அம்மா என் கையைப் பிடித்தார். சரிவில், ஒரு எண்பது மீட்டர் இருக்கும், பழுப்பு நிறத்தில் மண் கிளறிக்கொண்டிருந்தது. தோளில் திமில் தெரிந்தது. கிரிஸ்லி என்கிற கரடி. நிறத்தை வைத்துச் சொல்லக் கூடாது, கருங்கரடியிலும் பழுப்பு உண்டு, திமிலைப் பாருங்கள். வேர் தோண்டுவதற்கான தசை அது.

தலையைத் தூக்கியது. பின்னங்காலில் எழுந்து நின்றது. அப்படி நிற்பது பாய்வதற்காக இல்லை, நன்றாகப் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முட்டி ஆடியது. ஸ்பிரேயின் பூட்டைக் கழற்றினேன். காற்று எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, அது பக்கத்தில் வந்தாலும் ஸ்பிரே அவ்வளவு தூரம் எட்டாது. ஓடக் கூடாது. ஓடினால் துரத்தும், குதிரை வேகத்தில் வரும். அம்மாவை எனக்குப் பின்னால் விட்டு அடி அடியாகப் பின்வாங்கினோம். அப்போது அம்மா, கன்றுக்குட்டியிடம் பேசுகிற குரலில், "ஒன்னுமில்ல ராசா, நாங்க போயிருதோம், நீ தின்னு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே மெதுவாகப் பின்வாங்குங்கள் என்றுதான் இங்கே பூங்காக்களிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்ட நான் மறந்திருந்தேன்.

அது நாலு காலில் இறங்கி மறுபடி மண்ணைக் கிளற ஆரம்பித்தது. நாங்கள் கீழே வந்து, மேலே ஏறவிருந்த ஒரு குடும்பத்தை நிறுத்திச் சொன்னோம். அவர்களிடம் அம்மா கையாலேயே திமில் வரைந்து காட்டினார். அந்தக் குடும்பத்துப் பாட்டியும் அவரும் ஆளுக்கொரு மொழியில் அரைமணி நேரம் பேசினார்கள். அம்மா இங்கே வந்து, மகனின் நண்பர்கள் அல்லாத ஒருவரோடு பேசியது அன்றைக்குத்தான்.

கான்பராவிலிருந்து

உங்கள் கரடிக்கு முன்னால் என்னுடையது சின்னது. ஆனால் படிக்க வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன். இங்கே செப்டம்பர் வசந்தகாலம். நான் வந்த வருடம், பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் போகும்போது தலைக்குப் பின்னால் படார் என்று ஒரு அடி. திரும்பினால் யாரும் இல்லை. மறுபடி ஒரு அடி. கறுப்பும் வெள்ளையுமாக மேக்பை என்கிற பறவை, மரத்திலிருந்து இறங்கி இறங்கி வந்தது. காதோரம் ரத்தம்.

அறைக்குப் போய் அழுதேன். வலியால் இல்லை. வந்து மூன்று வாரம், யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை, இதில் பறவையும் அடிக்கிறதே என்று. பிறகுதான் தெரிந்தது, கூட்டில் குஞ்சு இருக்கும் ஆறேழு வாரம் மட்டும் ஆண் பறவை இப்படிக் காவல் காக்கும். மேக்பைகளிலும் ஒரு சிலதான் அடிக்க வரும். நம் ஊரில் கூடு கட்டிய காக்கை மாடியில் துணி காயப்போட விடாமல் தலையில் கொத்துமே, அதே தாய்ப்பாசம், தகப்பன் செய்கிறான்.

அது முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதனால் கல்லெறிந்தோ கையை வீசியோ பகைக்காதீர்கள், அடுத்த வருடமும் அதே மரத்தில் அதே பறவைதான் இருக்கும். அந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, அதைப் பார்த்தபடியே நடந்து போய்விடுங்கள். கண்ணாடி போடுங்கள், கண்தான் முக்கியம். மற்ற மாதங்களில் அதிகாலையில் அது பாடும் பாட்டைக் கேட்டால் இதையெல்லாம் மன்னித்துவிடுவீர்கள். எனக்கு இப்போது அலாரமே அதுதான்.

வட நோர்வேயிலிருந்து

நான் யாழ்ப்பாணம். 1989இல் ஃபின்மார்க்குக்கு வந்தேன். அப்போது கரையோர ஊர்களின் மீன் ஆலைகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். நாள் முழுக்க நின்றபடி கொட் மீன் வெட்டுவோம். நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரியில்தான் திரும்பி வரும். வருகிற நாளில் ஆலைக்கு வெளியே வந்து நின்று பார்ப்போம், அந்த ஊர்க்காரரும் நாங்களும்.

மிருகக் கதை என்னிடம் இல்லை. எனக்கு எதிரே வந்தது காற்று. நாங்கள் இருந்த போட்ஸ்ஃபியூர் ஊரை விட்டுத் தரைவழியே வெளிக்கிடுவதானால் மொட்டை மலைமேட்டைக் கடக்கிற 891ஆம் இலக்கப் பாதை ஒன்றுதான். புயலென்றால் அடிவாரத்தில் தடுப்பைப் போட்டுவிடுவார்கள். வாகனங்கள் வரிசையில் நின்று, பனி தள்ளும் லொறிக்குப் பின்னால் ஒன்றாகப் போக வேண்டும்.

1994 மாசி மாதம். மனைவிக்குப் பிரசவம் கிட்ட வந்துவிட்டது. கிர்க்கனெஸ் ஆஸ்பத்திரிக்கு ஒரு கிழமை முன்னமே போய்விடுங்கள், காலநிலையை நம்ப ஏலாது என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தார். நாங்கள் வெளிக்கிட்ட அன்றைக்கே புயல். தடுப்பில் மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். லொறிக்காரர் ஒவ்வொரு காராக வந்து எண்ணெய் நிறைய இருக்கிறதா, உடுப்பு இருக்கிறதா என்று பார்த்தார். மனைவியின் வயிற்றைக் கண்டதும் எங்கள் காரை வரிசையின் முதலாவது இடத்துக்கு எடுக்கச் சொன்னார். "என் விளக்கை மட்டும் பார். விளக்குத் தெரியாவிட்டால் நில். காரை விட்டு இறங்காதே, நான் திரும்பி வருவேன்" என்றார்.

மேலே ஏறியதும் பாதை, வானம், காரின் முன்பக்கம், ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. அந்த மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று தெரியும், போய்விடும். இரண்டு தரம் முழுக்க மறைந்தது. நின்றோம். மனைவி கந்த சஷ்டி கவசம் சொல்லத் தொடங்கினா, முடிக்க முதல் விளக்கு திரும்பி வந்தது. இரண்டு தரமும்.

ஆறு நாள் கழித்து மகள் பிறந்தாள். அந்த லொறிக்காரருக்கு மனைவி கொழுக்கட்டை அவித்துக் கொடுத்தா. நான் இன்றைக்கும் குளிர்காலத்தில் மண்வெட்டி, இழுவைக் கயிறு, போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல் நாலும் இல்லாமல் அந்த மலை ஏறுவதில்லை.