பழைய கேம்பர் வேனில் பெர்த்திலிருந்து அடிலெய்ட்: அவசரத்துக்கு என்னென்ன டூல்ஸ் வேண்டும்?

புதுசு பெர்த்:
வணக்கம். ஊரிலிருந்து வந்து இன்னும் சரியாக செட்டில் ஆகவில்லை, அதற்குள் அடிலெய்டில் வேலை கிடைத்துவிட்டது. சாமான்களோடு போய்ச் சேரலாம் என்று பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கிவிட்டோம். சனிக்கிழமை கிளம்ப வேண்டும். நடுவழியில் நின்றால் என்ன செய்வது என்ற பயத்தில் மனைவிக்குத் தூக்கமே இல்லை. டூல் பாக்ஸில் என்னென்ன இருக்க வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

மெல்பர்ன் கோவை:
டூல்ஸ் எதற்கு சகோ? ஆர்ஏசியில் (மேற்கு ஆஸ்திரேலிய வாகன ஓட்டிகள் சங்கம்) உறுப்பினராகி ரோட்சைட் உதவி எடுத்துக்கொள்ளுங்கள், போன் செய்தால் வருவார்கள். நான் வந்த புதிதில் காரே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை பஸ் இருக்காது, குளிரில் நடந்தேதான் வேலைக்குப் போவேன். உங்களுக்கு வேனாவது இருக்கிறதே.

சிட்னி யாழ்:
போன் செய்தால் வருவார்களாம்! தம்பி, வழியில் வரும் நல்லார்பர் சமவெளியில் பெரும்பாலான இடங்களில் சிக்னலே இல்லை. முழு ஸ்பேனர் செட், சாக்கெட் செட், சுத்தியல், ஜாக்கி இரண்டு, பழைய பேட்டரி ஒன்று, எல்லாவற்றையும் ஏற்றுங்கோ. நாங்கள் வந்தபோது எங்களுக்குச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை.

ராத்திரி ஷிப்ட்:
இவ்வளவு இரும்பை ஏற்றினால் வேன் எப்படி இழுக்கும்? விற்றுவிட்டு விமானத்தில் போங்கள். இங்கே வாடகைக்கு வீடு கேட்டால் வாடகை வரலாறு கேட்கிறார்கள், வேலை கேட்டால் உள்ளூர் அனுபவம் கேட்கிறார்கள். புதிதாக வந்தவன் எங்கே போவான்?

மெல்பர்ன் கோவை:
அதை ஏன் கேட்கிறீர்கள்! பதினைந்து வருட அனுபவத்தை ஒரு பக்க ரெஸ்யூமில் எழுதச் சொன்னார்கள்.

மெக்கானிக் மதுரை:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். தம்பி, என்ன வண்டி, எந்த வருடம், பெட்ரோலா டீசலா? உள்ளே கேஸ் அடுப்பு உண்டா? ஓட்டிப் பார்த்தபோது டாஷ்போர்டில் ஏதாவது விளக்கு எரிந்ததா?

புதுசு பெர்த்:
மன்னிக்கவும் அண்ணா. 1996 டொயோட்டா ஹைஏஸ், பெட்ரோல். கேஸ் அடுப்பு உண்டு. ராத்திரி ஹெட்லைட் போட்டால் பேட்டரி விளக்கு லேசாக எரிகிறது. கூட இரண்டு வயதுக் குழந்தை.

மெக்கானிக் மதுரை:
அந்த விளக்கைச் சரிசெய்யாமல் கிளம்பவே கூடாது. ஃபேன் பெல்ட் நழுவலாம், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பழுதாகிக்கொண்டிருக்கலாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றும். அறுந்தால் சார்ஜும் போச்சு, எஞ்சினும் கொதிக்கும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஓடும்போதே 12.5தான் என்றால் சார்ஜ் ஏறவில்லை. கராஜில் காட்டி, உங்கள் எஞ்சினுக்குச் சரியான பெல்ட் ஒன்று கூடுதலாக வாங்கி வண்டியில் போடுங்கள்.

இந்த ஹைஏஸில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். ஒரு தடவை வீட்டு வாசலிலேயே சீட்டைத் தூக்கிப் பழகிக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கூலன்ட், ஹோஸ் கிளிப் நாலைந்து, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப் இருந்தால், ஹோஸ் கசிந்தாலும் அடுத்த ரோட்ஹவுஸ் (பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் வழியோர நிலையம்) வரை மெதுவாகப் போய்விடலாம். 10, 15, 20 ஆம்ப் ஃபியூஸ், பேட்டரி இறங்கினால் வண்டியைக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டர், கேபிள் டை, தலையில் மாட்டும் டார்ச், பஞ்சர் கிட், 12 வோல்ட் காற்றுப் பம்ப். ஸ்பேனர் 8 முதல் 19 மி.மீ. வரை ஒரு செட் போதும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடிப்பலகை. ஓரத்து மண்ணில் ஜாக்கி புதையும்.

ஸ்டெப்னி பின்பக்கம் வண்டிக்கு அடியில் தொங்கும். இறக்கிப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2209 என்றால் 2009-இன் 22-வது வாரம். அவ்வளவு பழசை நம்பாதீர்கள்.

அடிலெய்ட் அக்கா:
ரோட்சைட் உதவியும் வேண்டும் தம்பி, ஆனால் எத்தனை கிலோமீட்டர் இழுத்துப்போவார்கள் என்று கேட்டு எடுங்கள். மொத்தம் 2,700 கி.மீ. போல வரும். நார்ஸ்மன் ஊரைத் தாண்டினால் ரோட்ஹவுஸ்களுக்கு நடுவே 190 கி.மீ. வரைகூட இடைவெளி உண்டு, ஒவ்வொன்றிலும் டேங்கை நிரப்புங்கள். குழந்தை இருப்பதால் குடிநீரைத் தாராளமாக எடுங்கள். சீட்டுக்கு எட்டும் இடத்தில் தீயணைப்பான், ஓட்டும்போது கேஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். யுஎச்எஃப் ரேடியோ (வாக்கி-டாக்கி மாதிரி) கிடைத்தால் நல்லது, லாரிக்காரர்கள் 40-ஆம் சேனலில் இருப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே வரும். பழம், காய்கறியை செடுனா ஊருக்கு முன்பே தீர்த்துவிடுங்கள், அங்கே சோதனை உண்டு.

புதுசு பெர்த்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. வெள்ளிக்கிழமை காலை கராஜில் நேரம் வாங்கிவிட்டேன். பெல்ட்டும் அங்கேயே கிடைக்குமாம். ஸ்டெப்னியை இறக்கலாம் என்று போனால், அதை இறக்கும் கம்பியே வண்டியில் இல்லை. ஜாக்கி மட்டும்தான் இருக்கிறது. தனியாகக் கிடைக்குமா?

மெக்கானிக் மதுரை:
பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் ரெக்கர்களில் கேளுங்கள், ஹைஏஸ் நிறைய நிற்கும். உங்கள் ஜாக்கியையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். கம்பி கிடைக்காவிட்டால், கராஜிலேயே ஸ்டெப்னியை இறக்கச் சொல்லி உள்ளே கட்டிவிடுங்கள்.