துறைமுக வாயிலில் ஆர்எஃப்ஐடி: 'குறிவில்லை', 'கடவுப்பதிவு'

ஐயாவுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம். ஆர்எஃப்ஐடி என்பது வண்டியிலோ சரக்கிலோ பொருத்திய டேக்கின் எண்ணை ரேடியோ அலை மூலம் தொடாமலே படிக்கும் முறை. அது தொடர்பான சொற்களுக்குத் தமிழில் ஐயா நம் குழுவில் முன்வைத்தவை இவை:

> ஆர்எஃப்ஐடி = வானொலி அலைவெண் இனங்காணல். டேக் = அலைவில்லை. டிராக்கிங் = கண்காணிப்பு.

ஐயா, இந்த மூன்றிலும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. துறைமுகத்துக்குள் வந்துபோகும் லாரிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் 'இனங்காணல்'. இனம் என்றால் வகை. சோப்பு உறையில் உள்ள பட்டைக்குறி (பார்கோடு) செய்வதுதான் இனங்காணல். இது இன்ன நிறுவனத்தின் இன்ன சோப்பு என்று சொல்லும். அடுக்கில் உள்ள அடுத்த சோப்பிலும் அதே எண்தான் இருக்கும். லாரியின் முன்கண்ணாடியில் ஒட்டும் டேக்கில் இருப்பதோ அந்த ஒன்றுக்கு மட்டுமே உரிய எண். வந்திருப்பது டிரெய்லர் என்பதை வாயிற்காவலர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். எந்த டிரெய்லர் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்கள் காற்று மாசைக் குறைக்க 2008 அக்டோபர் 1 முதல் 1989க்கு முந்தைய லாரிகளுக்குத் தடை விதித்தன. அந்தத் திட்டத்தில் டேக்கின் எண்ணை வாயிலில் படித்து, லாரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். லாரி எந்த ஆண்டினது என்று சொன்னது பதிவேடு. டேக் தந்தது தன் எண்ணை மட்டும். அதனால் 'அடையாளம்' என்ற பழகிய சொல்லே போதும் என்கிறேன்.

'வானொலி' வேண்டாம். இங்கே ஒலியும் இல்லை, ஒலிபரப்பும் இல்லை. வண்டிகளில் ஒட்டும் டேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்கலமே கிடையாது. டேக்கைப் படிக்கும் கருவியான ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே டேக்கில் உள்ள சில்லு (சிப்) தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. அந்த அலையையே கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்பித் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. இந்தியாவில் இதற்கு 865 மெகாஹெர்ட்ஸ் முதலான அலைகள் பயன்படுகின்றன. சுங்கச்சாவடியில் நாம் காட்டும் ஃபாஸ்டேக்கும் இதே வகைதான். எனவே ஆர்எஃப்ஐடிக்கு 'அலைவழி அடையாளம்' என்று வைக்கலாம். 'அலைவெண்' விட்டுப்போகிறதே என்று கேட்பீர்கள். விட்டுப்போகட்டும். ஃபிரீக்வென்சி என்பதற்கு நாம் அலைவெண் என்றும் அதிர்வெண் என்றும் எழுதுவதை இலங்கை நண்பர்கள் மீடிறன் என்கிறார்கள். அந்தச் சொல்லே பெயரில் வராவிட்டால் இரு கரையிலும் ஒரே பெயர் நிற்கும்.

'அலைவில்லை'யில் 'வில்லை' மிகப் பொருத்தம். தபால்வில்லை, ஒட்டுவில்லை என்று ஏற்கெனவே பழகிய சொல். ஆனால் சேர்த்து எழுதினால் 'அலைவு இல்லை' என்றும் படிக்க இடமிருக்கிறது. 'குறிவில்லை' என்றால் அந்தக் குழப்பம் நீங்கும். 'குறி' என்ற சொல்லுக்குக் கூச்சப்படத் தேவையில்லை. குறியீடு, குறிச்சொல், குறிப்பு எல்லாம் கூச்சமில்லாமல் எழுதுகிறோம்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது மூன்றாவது சொல். டிராக்கிங்கைக் 'கண்காணிப்பு' என்று எழுதினால், யாரோ திரையின் முன் உட்கார்ந்து லாரி போகும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதாக ஓட்டுநர் நினைப்பார். அது ஜிபிஎஸ் செய்யும் வேலை. குறிவில்லை, ரீடருக்குச் சில மீட்டர் தூரத்துக்குள் வரும்போதுதான் பேசும். 2016இல் மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கிய சரக்குத் தகவல் திட்டத்தைப் பாருங்கள். கன்டெய்னரில் டேக் பொருத்துகிறார்கள். துறைமுக வாயிலிலும் வழியில் உள்ள சுங்கச்சாவடிகளிலும் அது படிக்கப்படுகிறது. இந்த வாயிலை இந்த நேரத்தில் கடந்தது, அந்தச் சாவடியை அந்த நேரத்தில் கடந்தது என்ற வரிசை கிடைக்கிறது. இரண்டு ரீடர்களுக்கு நடுவே கன்டெய்னர் எங்கே நின்றது, யார் திறந்தார் என்பது அதில் இருக்காது. இருப்பதாக நினைத்துக்கொண்டால், சரக்கு காணாமல் போகும் நாளில் இல்லாத பதிவைத் தேடுவார்கள். கடைசியில் ஓட்டுநர் தலையில்தான் அது விடியும்.

அதனால் 'கடவுப்பதிவு' என்கிறேன். கடவுச்சீட்டு, கடவுச்சொல் இரண்டிலும் உள்ள அதே கடவு. கடந்ததைப் பதிவது என்பதற்கு மேல் இந்தச் சொல் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. இன்னொன்றும் உண்டு: படிக்கப்படுவது வில்லை, வண்டி அல்ல. அதை உரித்து வேறு லாரியில் ஒட்டினால் ரீடருக்குத் தெரியாது. பெயர்த்தால் கிழிந்து கெட்டுப்போகும்படி டேக் செய்வதும், நம்பர் பிளேட்டைக் கேமராவில் படித்து ஒப்பிடுவதும், ஓட்டுநருக்குத் தனி அட்டை கொடுப்பதும் இதற்காகத்தான்.

இதே ஆர்எஃப்ஐடி முறையில் படிக்கப்படும் சுங்கத்துறையின் மின்னணு சீலுக்கும் ஒரு சொல் வேண்டும். தொழிற்சாலையிலேயே ஏற்றுமதிச் சரக்கை அடைத்துப் பூட்டுகிறவர்களுக்கு 2017இல் வந்த முறை அது. போல்ட் வடிவில் இருப்பதால் 'வில்லை' பொருந்தாது. ஒரே முறை பூட்டலாம். திறக்க வெட்டித்தான் ஆக வேண்டும். சீல் எண்ணோடு கன்டெய்னர் எண்ணும் லாரி எண்ணும் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்துறையிடம் தரும் ஆவணம்) எண்ணும் இணைந்திருக்கும். இதற்கு 'அலைமுத்திரை' சரியாக இருக்கும். துறைமுகச் சரக்கில் அரசு முத்திரை வைப்பது நமக்குப் பழைய வழக்கம்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் சோழர் சின்னம் இட்டுப் பொதிகளை அனுப்பியதைப் 'புலி பொறித்துப் புறம் போக்கி' என்கிறது பட்டினப்பாலை.

ரீடருக்குப் படிப்பானா, வாசிப்பானா? எனக்குப் 'படிப்பான்' பிடிக்கும்; நாவுக்கு எளிது. ஆனால் அட்டை வாசிப்பான் என்று வழங்கும் இடங்களில் இதற்கு மட்டும் வேறு சொல் வைப்பது சரிதானா என்று தயக்கமாகவும் இருக்கிறது. கொழும்பு நண்பர்கள் அங்கே எதை எழுதுகிறார்கள் என்று சொன்னால், அதையே எடுத்துக்கொள்ளலாம்.