பழைய ஆன்டெனா சாக்கெட்டில் டிஷ் வயரைக் கொடுத்தால் சிக்னல் இல்லை, உதவுங்கள்

தண்டையார்பேட்டைக்காரன்:
வணக்கம். அப்பா கட்டிய வீடு. ஹால் சுவரில் பழைய டிவி ஆன்டெனா சாக்கெட் இருக்கிறது, தூர்தர்ஷன் மட்டும் வந்த காலத்தில் போட்டது. இப்போது டிஷ் வயர் ஜன்னல் வழியே வருவதால் ஜன்னலைச் சாத்த முடியவில்லை, ஒரே கொசு. பெயின்ட் அடிப்பதற்குள் அதை எடுத்துவிடலாம் என்று, மாடியில் டிஷ் வயரைப் பழைய கேபிளோடு சேர்த்து, கீழே சாக்கெட்டிலிருந்து செட்டாப் பாக்ஸுக்குக் கொடுத்தேன். ‘நோ சிக்னல்’தான். ஜன்னல் வயரில் எல்லா சேனலும் வருகிறது. சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

ராயபுரம் ரிப்பேர்:
தம்பி, பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சின்ன கெபாசிட்டரோ ரெசிஸ்டரோ இருந்தால் அதுதான் காரணம். டிஷ் வயரில் சிக்னல் கீழே வருவதோடு, பாக்ஸிலிருந்து கரன்ட்டும் மேலே போக வேண்டும், 13 அல்லது 18 வோல்ட். டிஷ் முன்னால் சிக்னலை வாங்கிக் கீழே அனுப்பும் சின்ன டப்பா, அதாவது எல்என்பி, அதில்தான் ஓடுகிறது. அது டிசி கரன்ட், கெபாசிட்டர் டிசியை விடாது. தவிர, டிஷ் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்தக் கால சாக்கெட் அதற்குச் செய்ததல்ல. சாக்கெட்டை விட்டுவிட்டு, எஃப் ஜாயின்டர் (இரண்டு கேபிளைச் சேர்க்கும் திருகு கனெக்டர்) போட்டு நேராகக் கொடுத்துப் பாருங்கள். கை வைக்கும் முன் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால் மெயினையும் ஆஃப் செய்யுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:
நன்றி அண்ணா. கெபாசிட்டர் இருந்தது. நேராகக் கொடுத்ததில் பாதி சேனல் வருகிறது, மீதி இல்லை. கேபிள் உருண்டைதான், தட்டை வயர் இல்லை. முனையைச் சீவினால் மேல் வலை பச்சை பூத்து, தொட்டாலே பொடியாக உதிர்கிறது.

மாடி வீடு:
கடல் காற்று சார், நம்ம ஏரியாவில் மாடியில் எந்தச் செம்புக்கும் இதே கதிதான். தட்டை வயராக இருந்தால் பேச்சே இல்லை, அது 300 ஓம், டிஷ்ஷுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும்.

ராயபுரம் ரிப்பேர்:
பாதி சேனல் என்றால் அரித்த கேபிளில் வோல்டேஜ் இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். சேனல்கள் வெர்டிகல், ஹரிசான்டல் என்று இரண்டு வகை அலையில் வருகின்றன. 18 வோல்ட் அனுப்பினால்தான் எல்என்பி ஹரிசான்டல் பக்கம் மாறும்; போகும் வழியிலேயே குறைந்தால் வெர்டிகலிலேயே நின்றுவிடும். புது சாக்கெட் மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்லை, கேபிளையே மாற்றுங்கள்.

சுவருக்குள் பைப் இருக்கிறதா என்று பாருங்கள். மாடியில் ஒருவர் கேபிளை மெதுவாக அசைக்க, கீழே அசைந்தால் பைப் உண்டு. பழைய கேபிளின் முனையில் புது ஆர்ஜி-6 (டிஷ்ஷுக்குப் போடும் 75 ஓம் கேபிள்) கட்டி, முடிச்சு தடிக்காமல் டேப் சுற்றி, மேலிருந்து ஒருவர் ஊட்ட, கீழே ஒருவர் இழுக்க வேண்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் பழையது நடுவில் அறுந்துகொள்ளும். அசையவே இல்லையா, பூச்சோடு பூசிவிட்டார்கள் என்று அர்த்தம். சுவரை உடைக்காதீர்கள், மூலையோடு பிவிசி கேசிங் ஓட்டுங்கள்.

சாக்கெட் கேட்கும்போது ‘எஃப் டைப்’ என்று சொல்லிக் கேளுங்கள். டிவி சாக்கெட் என்று மட்டும் கேட்டால் பழைய மாதிரியையே கொடுத்துவிடுவார்கள். ரிச்சி தெருவில் சாக்கெட், கேபிள், கனெக்டர் எல்லாம் வாங்கிவிடலாம்.

தண்டையார்பேட்டைக்காரன்:
அசைகிறது அண்ணா! இழுத்தாச்சு, எல்லா சேனலும் வருகிறது. மாடி ஜாயின்ட்டுக்கு என்ன செய்வது?

ராயபுரம் ரிப்பேர்:
ஜாயின்ட்டே வேண்டாம். புது கேபிளை எல்என்பி வரை ஒரே துண்டாக விடுங்கள். பைப் வாய்க்கு முன்னால் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே இறங்காது.