குடியிருப்பாளர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களே, நீங்கள் சந்தித்த ஆட்களைப் பற்றிச் சொல்லுங்கள்

பாலிக் பூலாவ் செயலாளர்:

எங்கள் குடியிருப்பு மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் பூலாவ் மலைச்சரிவில், டுரியான் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. இருபது சொச்சம் வீடுகள். மரவீடு, கண்டெய்னர் வீடு, பழைய கம்போங் (கிராமத்து) வீட்டைத் தட்டி நிமிர்த்தியது என்று ஆளுக்கொரு மாதிரி. பாதிப் பேர் நிரந்தரக் குடி. மற்றவர்கள் ஜார்ஜ்டவுனிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சனி, ஞாயிறு வந்து போகிறவர்கள். சண்டை எல்லாம் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவேதான்.

மேலே ஏறும் சாலை மாநகர் மன்றத்தின் பொறுப்பில் இல்லை, தனியார் நிலத்தில் போட்டது. குழி விழுந்தாலும், லோங்காங் (சாக்கடை) அடைத்தாலும், மரம் சாய்ந்தாலும் நாங்கள்தான் காசு போட வேண்டும். 2017 நவம்பர் 4, 5-ல் வெள்ளமும் மண்சரிவும் கொண்டுவந்த மழையைப் பற்றிப் பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் சங்கத்தைப் பதிந்தோம். சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஏழு உறுப்பினர் காட்டினால் போதும். ஏழு பேரைச் சேர்ப்பது சுலபம், எட்டாவது ஆளிடம் சந்தா வாங்குவதில்தான் வித்தை இருக்கிறது.

அந்த எட்டாவது ஆள் எங்களுக்கு ஒரு டத்தோ, பட்டம் வாங்கிய பெரிய மனிதர். அவர் வீடு வாங்கிய புதிதில் ரசீதுப் புத்தகத்தோடு போய் நின்றேன். "நான் மாசத்துல ஒரு தடவை வர்றவன். தினமும் ஏறி இறங்குறவனும் நானும் ஒரே காசா?" என்றார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் ஃபோர் வீலுக்கு ரோடே தேவையில்லை" என்று சேர்த்துக்கொண்டார்.

"உங்க வண்டிக்கு வேணாம் டத்தோ. செப்டிக் டாங்க் உறிஞ்ச லோரி வருமே, அதுக்கு?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தது கேட்டது. அரை வருடச் சந்தா அன்றைக்கே வந்தது. மீதி அரை வருடம் இன்னும் வரவில்லை.

இதற்குமேல் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. நோட்டீஸ் ஒட்டலாம், போன் பண்ணலாம், வாசலில் போய் நிற்கலாம். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

செந்தூல் பொருளாளர்:

அண்ணே, உங்கள் நிலைமை பாவம். எங்களது அடுக்குமாடி. ஸ்ட்ராட்டா மேலாண்மைச் சட்டம் 2013 பின்னால் நிற்பதால் எங்கள் கதையே வேறு. மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவருக்கு 14 நாள் தவணை கொடுத்து பாரம் 11 என்ற நோட்டீஸ் அனுப்புவோம். பாக்கிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். அதற்கும் மசியாவிட்டால் ஸ்ட்ராட்டா வழக்குகளுக்கான டிரிபியூனல் இருக்கிறது, அல்லது வீட்டிலுள்ள பொருளை ஜப்தி செய்யக் கட்டட ஆணையரிடம் வாரண்ட் கேட்கலாம். பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பாக்கி நின்றால் ஓட்டும் கிடையாது. கூட்டத்தில் அதிகம் சத்தம் போடுகிறவர் பெயர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும், அது தனிக் கதை.

ஆனால் சட்டம் இருந்தும் அடி தப்பான ஆள் மேல் விழுந்த ஒரு சம்பவம் சொல்கிறேன். துணைவிதிப்படி பாக்கிதாரரின் நுழைவுக் கார்டை முடக்கலாம். ஒரு வீட்டுக் கார்டை முடக்கினோம். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பையன் ராத்திரி ராத்திரி ஜாகாவிடம் (காவலாளியிடம்) சண்டை. ஜாகா நேப்பாளத்துக்காரர், அவருக்கு என்ன தெரியும்? ஒருநாள் நானே கீழே இறங்கிப் போனேன். "தம்பி, கார்டை நிறுத்தச் சொன்னது நான்தான். கேட்கிறதை என்கிட்ட கேளுங்க."

பார்த்தால் அவர் வாடகைக்கு இருப்பவர். மெயின்டனன்ஸையும் சேர்த்து மாதாமாதம் வீட்டுக்காரருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார், வங்கி ரசீதையும் காட்டினார். வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவில் சௌகரியமாக இருக்கிறார். பாக்கிக் கணக்கைக் கடிதமாக அடித்து பையன் கையில் கொடுத்தேன். "இனிமே வாடகையிலேருந்து கழிச்சுக்குவேன்னு சொல்லுங்க" என்றேன். சட்டப்படி அது செல்லுமோ செல்லாதோ, அந்த வாரமே மொத்தக் காசும் வந்துவிட்டது. இப்போதெல்லாம் கார்டை முடக்குமுன் உள்ளே குடியிருப்பது யார் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

செராஸ் தாமான் கமிட்டி:

நாங்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டியவர்கள். தரைவீட்டுத் தாமான் (குடியிருப்புப் பேட்டை), மாநகர் மன்ற அனுமதியோடு பூம் கேட், காவல். சந்தா அவரவர் விருப்பம். கட்டாதவரை உள்ளே விடமாட்டேன் என்று சொல்ல முடியாது, சாலை பொதுச் சாலை. ஆனால் ஜாகா திறந்துவிட மாட்டார், அவரே இறங்கித் திறந்துகொள்ளட்டும் என்று வைக்கலாம். கோத்தா டாமான்சாரா தாமான் ஒன்றில் இதே விஷயம் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. ஊராட்சி அனுமதி பெற்ற கேட்டைத் தானே திறந்து போகச் சொல்வது வழிமறிப்பு ஆகாது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பெல்லாம் சரி. எங்கள் தாமானில் ஓர் அங்கிள், ஓய்வுபெற்ற ஆசிரியர், கட்டமாட்டார். மழையிலும் இறங்கி, கேட்டைத் தூக்கி, காரை உள்ளே விட்டு, திரும்ப வந்து இறக்கிவிட்டுப் போவார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. பார்க்கிற ஜாகாவுக்கு மனசு கேட்குமா? அங்கிள் வண்டி தெரிந்தாலே கேட் தானாகத் தூக்கும். அங்கிளும் சாயங்காலம் தே தாரேக் டீ வாங்கிக் கொடுப்பார். கட்டுகிறவர்கள் கொதித்துப்போய் கமிட்டிக்கு வந்தார்கள். ஜாகாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். "சார், அவர் ஒருத்தர்தான் என்கிட்ட சாப்டியான்னு கேக்கிறார்" என்றார் மலாயில். கமிட்டியில் யாரும் பேசவில்லை. தீர்மானமும் போடவில்லை.

பாலிக் பூலாவ் அண்ணனுக்கு ஒரு தகவல்: புதிதாக வீடு வாங்குகிறவரிடம் ஆரம்பத்திலேயே பராமரிப்பு உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆனால் அவர் விற்றுவிட்டால் அடுத்தவரை அது கட்டுப்படுத்தாது, அவரிடமும் புதிதாக வாங்க வேண்டும். எங்கள் சங்கம் கோட்டைவிடுவது இங்கேதான்.

தெலுக் பஹாங் பக்கத்து ஆள்:

எல்லாரும் காசைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் குரங்குதான் பிரச்சினை.

எங்கள் பக்கம் காட்டை ஒட்டிய வீடுகள். நீளவால் குரங்கு கூட்டமாக இறங்கும். குப்பைத் தொட்டிக்குக் கொக்கி போட்டோம், கற்றுக்கொண்டது. கொக்கியில் கம்பி வளையம் மாட்டினோம், இப்போதைக்குத் தாங்குகிறது. எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் வைத்து வீட்டோரக் கிளைகளையெல்லாம் வெட்டினோம். இதெல்லாம் சரிதான், சனிக்கிழமை வந்தால் வீண். கடைசி வீட்டுப் பாட்டி குரங்குகளுக்குச் சீப்புச் சீப்பாகப் பிசாங் (வாழைப்பழம்) வைப்பார். ஆஞ்சநேயராம்.

சங்கத்தில் நான் ஒருவன்தான் தமிழ் என்பதால் பேச என்னை அனுப்பினார்கள்.

"பாட்டி, வடைமாலையைக் கோயில்ல சாத்துங்க. இங்க வர்றவரு பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் சமையக்கட்டுல பூந்து ரொட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

"அப்ப மக்சிக்கை ஜன்னலைச் சாத்தச் சொல்லு."

வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானுக்குப் புகார் கொடுக்கலாம் என்று தலைவர் சொன்னார். அவர்கள் வந்து கூண்டு வைத்தால் பாட்டி அந்தக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார், எனக்குத் தெரியும். இப்போது பிசாங் வைக்கும் இடத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். மூட்டு வலியோடு அவ்வளவு தூரம் போக மாட்டார் என்று பார்த்தால், பேரனை அனுப்புகிறார்.

ஆயர் ஈத்தாம், சந்தா கட்டாதவன்:

கட்டாதவர்கள் எல்லாம் கஞ்சன் என்ற மாதிரியே பேச்சு போகிறது. நான் கட்டாதவன். காரணத்தையும் கேளுங்கள்.

எங்கள் சங்கம் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தி எத்தனையோ காலமாகிறது. பதிவுபெற்ற சங்கம் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். கூட்டம் நடக்கவில்லை என்றாலும் ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். அந்த நகலைத்தான் கேட்டேன். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். "நம்பிக்கை நிறைய இருக்கு அண்ணே, ரசீதுதான் இல்லை" என்றேன். அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரம் எனக்கு வரவில்லை. கணக்கு வரட்டும், மறுநாளே பாக்கியோடு கட்டுகிறேன்.

செந்தூல் பொருளாளர்:

தம்பி கேட்டது சரியான கேள்வி. எங்களுக்கு ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். அதை அச்சடித்துக் கொடுத்த பிறகும் "தோட்டக்காரனுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று ஒருவர் எழுந்து நிற்பார். நிற்கட்டும். தாளைப் பார்த்துக் கேட்கிற ஆளுக்குப் பதில் சொல்லலாம், வாட்சப்பில் குமுறுகிறவருக்கு முடியாது.

பாலிக் பூலாவ் செயலாளர்:

செராஸ், உடன்படிக்கை யோசனைக்கு நன்றி, அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். ஆயர் ஈத்தாம் தம்பி, நீங்கள் எங்கள் சங்கத்தில் இருந்தால் உங்களையே பொருளாளர் ஆக்கியிருப்பேன். அதுதான் கேள்வி கேட்கிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் தண்டனை.

டுரியான் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சாலைக்கு மேல் பக்கத்துத் தோட்டத்து மரங்கள் சாய்ந்திருக்கும். சீசனில் ராத்திரி பழம் எங்கள் சாலையில் விழும். கோலாலம்பூர்க் குடும்பம் ஒன்று விடியற்காலை உலாவப் போய், ஒரு கூடை அங் ஹே ரக டுரியான் பொறுக்கி வந்து, வாட்சப் குருப்பில் படம் போட்டுவிட்டது. "இலவச டுரியான்!" என்று ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

தோட்டத்துத் தவுக்கே (சீன முதலாளி) எங்கள் சங்க உறுப்பினர் இல்லை. ஆனால் எங்கள் தண்ணீர்க் குழாய் அவர் நிலத்தைக் கடந்துதான் மேலே ஏறுகிறது. இதுவரை ஒரு காசு கேட்டதில்லை. அவர் மனசு கோணினால் என்ன ஆகும் என்று அந்தக் குடும்பத்துக்கு விளக்கி, கையோடு அழைத்துப் போனேன். பழமெல்லாம் அதற்குள் வயிற்றில்.

தவுக்கே கோபப்படவில்லை. நன்றாக இருந்ததா என்று விசாரித்தார். பிறகு குப்பையில் போட்ட தோலை எடுத்து வரச் சொல்லி, தரையில் பரப்பி, எத்தனை பழம் என்று எண்ணி, பழத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டார். தள்ளுபடி எதுவும் கொடுக்கவில்லை. அவர்கள் கிளம்பும்போது கூன் பாவ் ரகப் பழம் ஒன்றைச் சும்மா கொடுத்தார்.

அந்தச் சீசனிலேயே சாலைக்கு மேல் வலை கட்டினார். எங்கள் தலைக்கும் அது பாதுகாப்பு என்பதால் பாதிச் செலவைச் சங்கம் கொடுத்தது. அதற்கு ரசீது இருக்கிறது, ஆயர் ஈத்தாம் தம்பி. தவுக்கே சீனத்தில் எழுதியிருக்கிறார், படிக்க யாராவது வேண்டும்.