தக்காளி இலையில் புழு: கிழங்கு அந்துப்பூச்சியா, டூட்டாவா?

கேள்வி: வெலிமடைப் பக்கம். உருளைக்கிழங்குப் பாத்தியை ஒட்டியே தக்காளி. தக்காளி இலையில் வெளிறிய கொப்புளத் திட்டு, பிரித்தால் புழுவும் கறுப்பு எச்சமும். விளக்குக்கு வந்த சாம்பல் நிற அந்து இரண்டு பிடித்தேன், செதில் உரசிப்போச்சு. பக்கத்துத் தோட்டத்தில் டூட்டா, அதாவது தக்காளியைத் தாக்கும் சின்ன அந்து, என்கிறாங்க. உருளைக்கிழங்கைத் துளைக்கும் கிழங்கு அந்திலிருந்து அதை எப்படிப் பிரிக்கிறது?

பதில் 1: முதல்ல இலைச்சுரங்க ஈயைக் கழிச்சிடுங்க. அது வளைந்து நெளிந்த மெல்லிய கோடு போடும், புழுவுக்குக் காலும் இல்லை, தலை ஓடும் இல்லை. திட்டாக அகன்றிருந்தால் அந்துதான்.

உரசின அந்தை விட்டுட்டுப் புழுவைப் பாருங்க. 6, 7 மில்லிமீற்றருக்குக் குறையாத புழு, 10 மடங்கு லென்ஸ். தலைக்குப் பின்னால் முதல் கணுவில் ஒரு தகடு இருக்கும். முழுத் தகடும் கருங்கபிலம் என்றால் கிழங்கு அந்து. தகடு வெளிறி, பின்விளிம்பில் மட்டும் மெல்லிய கறுப்புப் பட்டி என்றால் டூட்டா. உடல் நிறத்தை நம்பாதீங்க, இரண்டும் பச்சையாகவும் வரும், இளஞ்சிவப்பாகவும் வரும்.

பதில் 2: நல்ல அந்து கிடைத்தால் அளவும் உதவும். சிறகு விரித்த அகலம் டூட்டாவுக்கு 8–10 மில்லிமீற்றர், கிழங்கு அந்துக்கு 12–16. கிழங்கு அந்தில் பெண்ணின் மூடிய சிறகில் பெருக்கல் குறி மாதிரிக் கரும்புள்ளிகள் தெரியும். உரசினதென்றால் வயிற்றை 10% பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் சூடாக்கி இனப்பெருக்க உறுப்பைப் பார்ப்பதுதான் முடிவான வழி. அது ஆய்வுகூட வேலை. 2021ல் இரண்டையும் ஃப்தோரிமேயா என்ற ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டாங்க, அவ்வளவு நெருக்கம்.

பெரோமோன் பொறி (பெண் அந்தின் வாசனையால் ஆண் அந்தை இழுக்கும் பொறி) வைத்தால் இரண்டுக்கும் வெவ்வேறு வாசனைக் குளிசை, வெவ்வேறு பொறி. ஒரே கையுறையால் இரண்டையும் தொட்டால் வாசனை கலந்து கணக்கே பிழைக்கும்.

கேட்டவர்: ஐந்து புழு பார்த்தேன், எல்லாத்துக்கும் தகடு முழுக்கக் கறுப்பு.

பதில் 1: அப்போ கிழங்கு அந்து. இனிக் கவனம் கிழங்கில் இருக்கட்டும். மண் வெடிப்பு வழியாகப் புழு இறங்கும், அதனால் வெடிப்பு மூடும்படி மண் அணையுங்க. தோண்டின கிழங்கை இராத்திரி வெளியில் விடாதீங்க, அந்து கிழங்கின் கண்களில் முட்டை வைக்கும். பலர் கிழங்குக் கொடியாலேயே குவியலை மூடுறாங்க. கொடி வாட வாட அதிலிருக்கிற புழு நேரே கிழங்குக்குள் போகுது. சாக்கால் மூடுங்க.

பதில் 2: பட்டி மட்டும் உள்ள புழு, அதாவது டூட்டா மாதிரி, எப்போதாவது கண்டால் உயிரோடு எடுத்துப் போகாதீங்க. கொதிநீரில் அரை நிமிடம் போட்டு, 70% மதுசாரத்தில் அடைத்து விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்க. நேரே மதுசாரத்தில் போட்டால் புழு கறுத்துத் தகடு தெரியாமல் போகும்.